நாலு நடை பாக்கி

இங்கே உட்காரலாம்தானே? உட்கார்ந்துவிட்டேன். இனி நீங்கள் வேண்டாம் என்றாலும் எழுந்திருக்க மாட்டேன். என் பெயர் ராக்கியண்ணன். ஊர் ஒத்தைவேலம்பாளையம். இந்தத் தாலுக்காவில் எந்த ஆபீஸிலும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எழுந்து நிற்பார்கள், இல்லையென்றால் எழுந்து போய்விடுவார்கள். இரண்டும் எனக்கு மரியாதைதான்.

நான் யாரையும் சார் போட்டுப் பேசுவதில்லை. தோழர் என்பேன். மேடையில் பேசிப் பேசி வீட்டிலும் இந்தத் தமிழ்தான் வாயில் வருகிறது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி, மீதியெல்லாம் துண்டறிக்கை. மற்றவர்களுக்கு அது பஜ்ஜி மடித்து வந்த காகிதம். நான் பஜ்ஜியைத் தள்ளிவைத்துவிட்டுக் காகிதத்தைப் படித்தவன். பிறகு நானே எழுதினேன். இதுவரை முப்பத்தொன்று. எல்லாவற்றுக்கும் எண் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்களை நேற்றே பார்த்தேன். வேலாத்தாளுடைய கொரங்காட்டில் குந்திக்கொண்டிருந்தீர்கள். கிளுவை வேலி போட்டு, உழாமல், புல்லுக்கென்றே விட்டு வைக்கும் சொந்த நிலத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நாலு குச்சியைச் சட்டமாகக் கட்டித் தரையில் வைத்து, உள்ளே என்னென்ன முளைத்திருக்கிறது என்று எண்ணினீர்கள். வெகுநேரம் எண்ணினீர்கள். அப்புறம் பொதுக்காட்டுக்கு வந்து என் தைலமரங்களுக்கு அடியில் அதே சட்டத்தை வைத்தீர்கள். அங்கே சீக்கிரம் எழுந்துவிட்டீர்கள். அவள் நிலத்தில் ஒரு சட்டத்துக்குள் பத்தொன்பது வகை, என் மரத்தடியில் மூன்று வகை. டீக்கடையில் சொன்னார்கள். காலேஜா? சரி, தலையாட்டினால் போதும்.

அந்த எண்ணைத்தான் இன்று கலெக்டரிடம் சொல்லப் போகிறீர்கள். சொல்லுங்கள், தடுக்க மாட்டேன். அதற்கு முன்னால் என் பக்கத்தையும் கேட்டுவிடுங்கள். ஒன்றேகால் மணி நேரப் பயணம். எனக்கு அது போதாது, உங்களுக்குப் போதும்.

ஜன்னலைக் கொஞ்சம் தள்ளுங்கள். வேட்டிக் கரையில் ஒட்டன்புல் விதை. துவைத்தாலும் போகாது. பிடுங்கி வெளியே எறிகிறேன், நீங்கள் கேளுங்கள்.

இன்று திங்கள்கிழமை, மனு நாள். இந்த பஸ்ஸில் இரண்டு மனு போகிறது. ஒன்று என் பையில். எங்கள் ஊர்ப் பொதுக்காடு இருநூற்றுப் பத்து ஏக்கர். அதில் மரம் நிற்க வேண்டும், ஏலத்தில் வெட்டிய நாற்பது ஏக்கரில் மறுபடி நட வேண்டும் என்பது என் மனு. மிச்ச மரத்தையும் எடுத்துவிட்டுக் காட்டைப் புல்லுக்கு விட வேண்டும் என்பது வேலாத்தாள் மனு. முன்னால் பாருங்கள், பெண்கள் இருக்கையில் ஜன்னல் ஓரமாக இருப்பவள் அவள். பக்கத்தில் பச்சைச் சேலையில் ஒரு கிழவி இருக்கிறாள் பாருங்கள். அவளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். இப்போது சொன்னால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும்.

ஆரம்பம் வேலாத்தாள் இல்லை, அவளுடைய அப்பன் சென்னியப்பன். செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. ஆனாலும் நான் இன்னும் அவனோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சென்னியப்பன் ஊருக்குக் காட்டுமணியம். சம்பளம் இல்லை, சர்க்கார் உத்தரவு இல்லை. ஊர் கூடி ஒருவனைச் சொல்லும், அவ்வளவுதான். ஐப்பசி மழை விழுந்து புல் கிளம்பியதும் அவன் பொதுக்காட்டைச் சாத்துவான். சாத்துவது என்றால் கதவு ஒன்றும் கிடையாது. நாலு மூலையிலும் ஒவ்வொரு வேப்பங்கொத்து கட்டுவான். அன்று முதல் ஆடு மாடு உள்ளே போகக் கூடாது, அரிவாள் போகக் கூடாது. புல் கதிர்விட்டு, விதை முற்றி, தானாக உதிர்ந்த பிறகுதான் கொத்தை அவிழ்ப்பான். அவ்வளவு பெரிய காட்டுக்கு நாலு கொத்து வேப்பிலை பூட்டு. அதையும் ஊர் மதித்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுபத்தொன்பதில் எனக்கு இருபத்து நாலு வயது. என் துண்டறிக்கை எண் ஒன்று, 'மக்கள் சொத்துக்கு வேப்பிலைப் பூட்டா?' அதை அச்சடித்து விநியோகித்துவிட்டு, கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை காலை, சாத்தின காட்டில் புல் அறுக்கும் போராட்டம் அறிவித்தேன். பதினொரு பேர், ஐந்து அரிவாள், ஒரு கொடி. ஜெயிலுக்குப் போகத் தயாராகப் பல்பொடியும் துண்டும் ஒரு மாற்று வேட்டியும் பையில் வைத்திருந்தேன். அரைமணி நேரம் அறுத்திருப்போம். சென்னியப்பன் ஒரு நாயோடு வந்தான். நாய் குரைத்ததும் பதினொரு பேரில் பத்துப் பேர் குறைந்தார்கள்.

"ஏப்பா ராக்கியண்ணா, மாட்டுக்குத் தீவனம் இல்லையாப்பா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு கட்டுச் சோளத்தட்டு குடுத்திருப்பனே" என்றான்.

"இது தீவனப் பிரச்சினை அல்ல, கொள்கைப் பிரச்சினை. போலீஸைக் கூப்பிடுங்கள்" என்றேன்.

"போலீசு எதுக்கப்பா. பாவம், அஞ்சு மைலு சைக்கிள் மிதிச்சு வரோணும். வா, வேலமரத்துக்குப் போலாம்."

பொதுக்காட்டில் அப்போது இருந்த மரம் ஒன்றே ஒன்று, ஒரு வெள்வேல். ஊர்ப் பெயரே அதனால் வந்தது. அதனடியில் நாலு பேரைக் கூட்டி எனக்குத் தீர்ப்புச் சொன்னான். ஏழு நடை.

நடை என்றால் உங்களுக்குத் தெரியாது. முற்றிய கொழுக்கட்டைப் புல்லை ஒரு கத்தையாகக் கட்டியிருப்பார்கள். அதைத் தோளில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, காட்டின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரம் வரை நடக்க வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை நின்று கத்தையை உதற வேண்டும். போய்த் திரும்பினால் ஒரு நடை. எந்தக் கை புல்லை அறுத்ததோ அந்தக் கையிலிருந்து விதை விழ வேண்டும். ஆட்டை உள்ளே விட்ட எட்டு வயதுப் பையனுக்கும் அதே தண்டனைதான், ஒரு நடையோ ரெண்டு நடையோ.

யோசித்துப் பாருங்கள் தோழரே. பல்பொடியோடு வந்திருக்கிறேன். கைதாகியிருந்தால் பெயர் பத்திரிகையில் வந்திருக்கும். ஆறு மாதம் உள்ளே போட்டிருந்தால் இன்று எனக்குத் தியாகி என்று பெயர். அந்த ஆள் என் கையில் ஒரு புல்கத்தையைக் கொடுத்து நடக்கச் சொன்னான். பின்னாலேயே பிள்ளைகள் நடை எண்ணிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் களையெடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதில் என் மாமன் மகள் மாரக்காளும் இருந்தாள். அவளும் சிரித்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு, சிரிக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை.

மூன்று நடை நடந்தேன். மூன்றாவது முடிந்ததும் கத்தையைக் கீழே போட்டுவிட்டு, "இந்தத் தண்டனையை நான் அங்கீகரிக்கவில்லை" என்றேன்.

சென்னியப்பனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் மன்னித்திருப்பேன். அவன் கத்தையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டே, "செரி, கால் நோவுதாக்கும். நாலு நடை பாக்கி. எப்ப முடியுதோ அப்ப வந்து நடந்துக்க" என்றான்.

கால் நோவுதாம்.

அன்றிலிருந்து ஊரில் என் பெயர் மூணுநடை ராக்கியண்ணன். ரேஷன் கடையில், பால் சொசைட்டியில், கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவன் வாயில், எல்லா இடத்திலும் அதுதான். நான் சாலை மறியல் செய்திருக்கிறேன், நூற்பாலை வாசலில் பதினேழு நாள் படுத்திருக்கிறேன், மண்டையில் தையல் போட்டிருக்கிறேன். இதோ பாருங்கள், இந்த இடம். ஒன்றும் என் பெயரோடு ஒட்டவில்லை. மூணுநடை மட்டும் ஒட்டிக்கொண்டது, இந்த ஒட்டன்புல் மாதிரி.

ஐந்து வருடம் காத்திருந்தேன். எண்பத்து நாலில் சர்க்கார் மரம் நடும் திட்டம் கொண்டுவந்தது. தரிசு நிலம் எங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பொதுக்காடு கிராமக் கணக்கில் தரிசு என்றுதான் இருக்கிறது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஒன்று சொல்கிறேன், உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவனை அழிக்க வேண்டுமென்றால் அவன் எதிர்த்துப் பேச முடியாத ஒரு நல்ல காரியத்தைக் கையில் எடுக்க வேண்டும். அவன் காட்டுக்குத் தீ வைத்தால் ஊர் அவன் பக்கம் நிற்கும். மரம் வைத்தால்? மரத்துக்கு எதிராக எவன் வாய் திறப்பான்? வாத்தியார் திறப்பாரா, டாக்டர் திறப்பாரா? துண்டறிக்கை எண் நாலு, 'மரமில்லா ஊர் மானமில்லா ஊர்'. மூவாயிரம் பிரதி. மனுவில் முந்நூறு கையெழுத்து. சென்னியப்பனுடைய சொந்தத் தம்பியே கையெழுத்துப் போட்டான். நிழல் வரும், மழை வரும், விறகு வரும் என்றேன். யாருக்கு வேண்டாம்?

அதிகாரி ஜீப்பில் வந்தார். ஊரே கூடியது. சென்னியப்பன் ஒருவன்தான் முன்னால் வந்தான், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு.

"அய்யா, இது வெத்து நெலம் இல்லீங்க. புல்லு நிக்குதுங்க."

"புல்லுதானே பெரியவரே. மரம் வந்தா நல்லா நிழல் கிடைக்கும்."

"நெழலு வந்தாப் புல்லு போயிருமுங்க. புல்லுக்கு வெயிலுதானுங்க சோறு."

அதிகாரி சிரித்துவிட்டார். நான் விடுவேனா? வெயிலைத் தின்னும் புல்லுக்காக மனிதனுக்கு நிழல் மறுக்கப்படுகிறது என்று குரலை உயர்த்திச் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களைக் கைதட்டவே அழைத்து வந்திருந்தேன்.

தைலமரம் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். வேம்பு வைக்கலாம், புங்கன் வைக்கலாம் என்றார் அதிகாரி. வேம்பு நிமிர்வதற்குப் பத்து வருடம் ஆகும். எனக்கு மூன்றே வருடத்தில் சென்னியப்பன் கண்ணை அது மறைக்க வேண்டும். பழிக்கு வேம்பு ஆகாது தோழரே. டிராக்டர் விட்டுப் புல்லை வேரோடு புரட்டினார்கள். ஒரு வாரம் நானே வெயிலில் நின்று மேற்பார்வை பார்த்தேன். எங்காவது ஒரு திட்டு விட்டுப்போனால் டிரைவரைத் திருப்பி அனுப்பினேன். கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரம் வரை. நான் கத்தையைத் தூக்கிக்கொண்டு நடந்த அதே தடம்.

முளைத்தது, வளர்ந்தது. மூன்றாவது வருடம் அவன் பட்டியில் நின்றால் காடு தெரியவில்லை, மரம்தான் தெரிந்தது. இருநூற்று இருபது ஆடு வைத்திருந்தான். மேய்க்க இடமில்லை. சொந்தக் கொரங்காடு ஆறு ஏக்கர், அதில் எத்தனை மேயும்? விற்றான், விற்றான், விற்றுக்கொண்டே இருந்தான். கடைசி லோடு வேனில் போன அன்று நான் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். புழுதி அடங்கும் வரை நின்றேன். அன்று நல்ல பசி. ரெண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

அவன் ஒருவன் ஆடுதானா போயிற்று என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஊரில் மற்றவர்களும் ஆடு மாட்டை விற்றார்கள். அது காலம். எங்கள் வீட்டு மாட்டையும் விற்றோம். மாரக்காள் சீதனமாகக் கொண்டுவந்த மயிலைப் பசு. இதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. தீவன விலை ஏறியதுதான் காரணம், அதற்கு மத்திய அரசின் கொள்கை காரணம். துண்டறிக்கை எண் எட்டில் விளக்கமாக எழுதியிருக்கிறேன். மாரக்காள் அதைப் படித்தாள். படித்துவிட்டு, "அதுக்கு முன்ன தீவனமே வாங்குனதில்லீங்களே" என்றாள். அரசியல் புரியாதவள்.

காட்டடியில் ஒரு ஊற்றுக்கிணறு இருந்தது. சித்திரையிலும் கைக்கெட்டும் தண்ணீர். மரம் வைத்த ஆறாவது வருடம் அது வற்றியது. மரம் குடித்துவிட்டது என்று சென்னியப்பன் சொல்லித் திரிந்தான். மரம் மழை தரும் என்று ஒன்றாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. மழை தருகிற மரம் கிணற்றைக் குடிக்குமா? துண்டறிக்கை எண் பதினாலு, 'கிணற்றைக் கொன்றவன் யார்?' திருட்டுத்தனமாகத் தண்ணீர் எடுத்தது அவன்தான் என்று எழுதினேன். அவனிடம் மோட்டாரே இல்லையே என்றார்கள். மோட்டார் இல்லாதவனுக்குத்தானே தண்ணீர் அதிகம் தேவைப்படும்?

குருவி வரும் என்றும் எழுதியிருந்தேன். முன்பெல்லாம் அந்தக் காட்டில் விடியற்காலை வானம்பாடி தரையிலிருந்து நேராக மேலே ஏறி நின்று கத்தும். காலடியில் காடை எழும்பும். அவை போய்விட்டன. மரத்துக்குக் குருவி வந்ததா என்றால், வந்தது. காக்கை வந்தது.

அந்த ஒற்றை வெள்வேல்கூட நடுவில் மாட்டிக்கொண்டு பட்டுப்போயிற்று. அதற்கு வயதாகிவிட்டது.

என்ன சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா? சரி. மாரக்காளும் அப்படித்தான் சொன்னாள்.

சென்னியப்பன் படுக்கையில் விழுந்தான் என்று கேள்விப்பட்டதும் போனேன். எதிரி சாவதை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. கட்டிலில் கிடந்தான். என்னைப் பார்த்ததும் வேலாத்தாளிடம், "மாமனுக்குச் சேர் போடு" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "ராக்கியண்ணா, நாலு நடை பாக்கி இருக்குது பாத்துக்க" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். சாகிறவன் சிரிக்கலாமா? கூரைக்கடியில் சாமான் போடுகிற அட்டத்தைக் கை காட்டினான். அங்கே ஒரு கொழுக்கட்டைப் புல் கத்தை இருந்தது. பழைய கத்தை இல்லை, புதுசு. பழைய விதை முளைக்காதாம். அதனால் ஒவ்வொரு தை மாதமும் பழையதை உதறிவிட்டு, கொரங்காட்டிலிருந்து புதுக் கத்தை ஒன்று என் பெயருக்குக் கட்டி வைப்பானாம்.

பாருங்கள் தோழரே. வருடம் தவறாமல் ஒருவன் பகையை இப்படிப் புதுப்பித்துக்கொண்டே இருந்தான் என்றால் அவன் எவ்வளவு கொடியவனாக இருந்திருக்க வேண்டும்.

அவன் போனபின் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று பார்த்தேன். மகள் கிளம்பினாள். ரெண்டு வருடத்துக்கு முன் சர்க்கார் ஏலத்தில் நாற்பது ஏக்கர் தைலம் வெட்டுப்பட்டது. மறுபடி கன்று வைப்பார்கள் என்றிருந்தேன். வேலாத்தாள் கிராமசபையில் எழுந்து, அந்த நாற்பதைப் புல்லுக்கு விடுங்கள் என்றாள். தீர்மானமே போட்டுவிட்டார்கள். மரம் நட மூவாயிரம் துண்டறிக்கை தேவைப்பட்டது எனக்கு. அவள் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசினாள், அவ்வளவுதான். பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கட்டைகளைத் தோண்டினாள். அப்பன் கொரங்காட்டில் மிச்சமிருந்த விதையைக் கொண்டுவந்து தூவுகிறாள். கொழுக்கட்டை, ஒட்டன், நரிப்பயறு. விஷ்ணுகரந்திகூட வந்திருக்கிறதாம். தைலம் நின்ற இடத்தில் அவ்வளவு லேசில் எதுவும் முளைப்பதில்லை என்று கேள்வி. எனக்கு அதில் ஒரு திருப்தி. என் மரம் வெட்டின பிறகும் சண்டை போடுகிறது.

என்னைப் பார்த்தால், "ஏனுங் மாமா, நீங்களும் ஒரு நாளைக்கு வாங்களேன்" என்பாள். அப்பன் குரலேதான். கோபமே இல்லாத குரல்.

இனிப் பச்சைச் சேலைக்கு வருகிறேன்.

இந்தக் கார்த்திகைக் கடைசியில் மாரக்காள் சில நாட்கள் விடிந்ததும் வெளியே போக ஆரம்பித்தாள். ஒரு நாள் ரேஷன் கடை என்றாள், ஒரு நாள் மகளிர் குழு என்றாள். காலை ஏழு மணிக்கு எந்த ரேஷன் கடை திறந்திருக்கிறது? அவள் சேலைக் கொசுவத்தில் இந்த ஒட்டன் விதையைப் பார்த்தேன். ஐம்பது வருடம் போலீஸ் என்னை வேவு பார்த்திருக்கிறது, எனக்கு வேவு தெரியாதா? போன வியாழக்கிழமை பின்னாலேயே போனேன். நேராக நாற்பது ஏக்கருக்குப் போனாள். நான் தைலமரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். தைலமரத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது தோழரே. ஒல்லி. அவள் பார்த்துவிட்டாள்.

தோளில் ஒரு புல்கத்தை. அறுபத்தாறு வயது, ரெண்டு முட்டியிலும் வலி, மாடிப்படி ஏற மாட்டாள். வெறுங்காலோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். பத்தடிக்கு ஒருமுறை நின்று உதறினாள்.

"என்ன செய்கிறாய்?" என்றேன்.

"நடக்கறனுங்க."

"கூலி எவ்வளவு?"

"கூலி எல்லாம் இல்லீங்க. இது மூணாவது. நாளைக்கு ஒண்ணு இருக்குது. வெயிலுல நிக்காம வூட்டுக்குப் போங்க, பழைய சோறு கரைச்சு வெச்சிருக்கறன்."

சொல்லிவிட்டு என்னைத் தாண்டி நடந்துவிட்டாள். நடுக்காட்டில், எதிரியின் மகள் பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவி என்னைத் தாண்டி நடக்கிறாள். மூணாவது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவர்கள் வேலைக்கு ஏதாவது முறை வைத்திருப்பார்கள்.

மறுநாள் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் வேலாத்தாள் மனுவின் நகலை ஒட்டியிருந்தார்கள். முதல் கையெழுத்து மாரக்காள், கணவர் பெயர் ராக்கியண்ணன். எதிரியின் மனுவில் முதல் வரியில் என் பெயர். அவளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான். துண்டறிக்கை எண் ஏழு, பெண் எழுத்தறிவு. வீட்டிலிருந்து தொடங்கினேன்.

நாலு நாளாகப் பேச்சு இல்லை. சாப்பாடு உண்டு. அதை அவள் நிறுத்தவில்லை, நானும் மறுக்கவில்லை. உண்ணாவிரதம் வேறு விஷயம், அதற்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

பாருங்கள், ஏதோ கை மாறி வருகிறது. இங்கே கொடுங்கம்மா, எனக்குத்தான். சர்க்கரை மாத்திரை. முன்னாலிருந்து ஆறு பேர் கையைத் தாண்டி வந்திருக்கிறது. தண்ணீர் பாட்டிலையும் அனுப்பியிருக்கிறாள். நான் அந்தப் பக்கம் பார்க்கப் போவதில்லை. அவள் பார்க்கிறாளா? பார்க்காதீர்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சென்னியப்பன் செத்தும் என் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்பதுதான் இதற்கு அர்த்தம். இருக்கட்டும். மிச்சம் நூற்று எழுபது ஏக்கர் இருக்கிறது. அதில் ஒரு மரத்தைத் தொட விட மாட்டேன். அந்த மரம் நிற்கிற வரைக்கும் ஜெயித்தது நான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அந்தப் பத்தொன்பதையும் மூன்றையும் கலெக்டரிடம் சொல்லாதீர்கள். பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும். எண்ணி முடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஒரு மரம் பத்தொன்பது புல்லுக்குச் சமம் என்று நான் வாதாடுவேன், எனக்கு அது வரும். நீங்கள் வாய் திறந்தால்தான் வராது.

முடியாது என்கிறீர்கள். தெரியும். முகத்தைப் பார்த்ததுமே தெரியும். உங்கள் பெயர் என்ன? துண்டறிக்கை முப்பத்திரண்டில் வரும்.

கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது. இருங்கள், கூட்டம் இறங்கட்டும். என் முட்டி மடங்கியே பழகிவிட்டது. அவர்கள் இறங்கட்டும். என்ன, இவள் எதற்குப் பின்னால் வருகிறாள்? எல்லோரும் முன்வாசலில் இறங்குகிறார்கள், இவள் மட்டும்...

"ஏனுங்க, மாத்திரை போட்டுட்டீங்களா?"

பதில் சொல்லவில்லை நான். பார்த்தீர்களல்லவா?

"வரிசை நெறையா இருக்குமுங்க. மனுவக் குடுங்க, ரெண்டையும் நானே புடிச்சிட்டு நிக்கறன். நீங்க நெழலுல உக்காருங்க."

கொடுக்க மாட்டேன்.

"செரிங்க. வெள்ளிக்கெழமையோட நாலும் முடிஞ்சுது. அட்டத்துக் கத்தை காலி. இனி உங்க பேருல பாக்கி இல்லீங்க."

போய்விட்டாள்.

கேட்டீர்களா? நாலும் முடிஞ்சுதாம். மூணாவது என்றாளே அன்று... அது என் கத்தை. யார் கேட்டது இவளை? நான் நூற்பாலை வாசலில் படுத்தது பதினேழு நாள். சாலை மறியல் ஒன்றரை நாள். இந்த நாலு நடையை நடக்காமல் இருந்தது நாற்பத்தாறு வருடம். என் போராட்டங்களிலேயே நீண்டது இதுதான் தோழரே. இதை இவள் நாலு நாள் காலையில், முட்டி வலியோடு, முடித்துவிட்டாள். எனக்கு விதித்த தண்டனையை இன்னொருத்தி எப்படித் தீர்க்க முடியும்? எந்தச் சட்டத்தில் இருக்கிறது? சென்னியப்பன் இதற்காகத்தான் காத்திருந்தான். வேலாத்தாள் இதற்குத்தான் அப்பன் மாதிரியே வருடா வருடம் புதுசு கட்டி வைத்து, அட்டத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

இதையும் மனுவில் சேர்க்க வேண்டும். ஒன்பதாவது கோரிக்கை. என் சம்மதமில்லாமல் என் நடையை நடந்தது குறித்து விசாரணை. நகல் முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு. பேனா இருக்கிறதா உங்களிடம்? என் பேனா எங்கே போயிற்று. இருங்கள், இறங்காதீர்கள்.

சனிக்கிழமை மழை பெய்ததே. முதல் நடை போட்ட இடத்தில், கிழக்கு ஓரத்தில், நேற்று நீங்கள் சட்டம் வைத்துப் பார்த்தீர்களா? ஏதாவது முளைத்து...

வேண்டாம். சொல்லாதீர்கள். பேனாவை மட்டும் கொடுங்கள்.